அம்பத்தெட்டு நானூறு

முப்பது ஆண்டுகளாக ஒரே எடையில் நிற்கிற ஓர் உடம்பு, முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்த அதே உடம்புதானா? தாம்பரம் மார்க்கெட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்காமலே அங்கே அதற்கு ஒரு பதில் இருந்தது. பதிலின் பெயர் ஜலால்.

ஜலால் எடை இயந்திரம் பழுது பார்ப்பவர். வயது அறுபத்தேழு. மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்னால், பதினெட்டுப் படி ஏறிப்போகிற மாடியில் அவருடைய பட்டறை. மளிகைக்கடை மேசைத் தராசிலிருந்து அரிசி மூட்டை நிறுக்கும் மேடை வரை எல்லாம் அந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கின்றன. அரசு முத்திரைக்கு அனுப்புவதற்கு முன், இருபது கிலோ இரும்புக் கற்கள் மூன்றை மேடையில் அடுக்கிச் சரிபார்ப்பார். ஆனால் ஆண்டின் நடுவில் யாராவது "மெஷின் இழுக்குது பாய், எடை தப்பா காட்டுது" என்று கூப்பிட்டால் அறுபது கிலோ இரும்பைச் சுமந்துகொண்டு போவதில்லை. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் மொபெட்டில் போவார். செருப்பைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து செல்போனையும் சாவியையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மேடைமேல் ஏறி நிற்பார். ஐம்பத்தெட்டு கிலோ நானூறு கிராம் காட்டினால் மேடை சரி. இருநூறு கிராம் இப்படி அப்படி இருந்தாலும் சரி. அதற்குமேல் போனால் மேடையில் கோளாறு.

அவரிடம் கோளாறு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வியாபாரிகள் அவரை "அம்பத்தெட்டு நானூறு பாய்" என்றே கூப்பிட்டார்கள்.

முப்பத்தாறு வயதில் அவர் எழுபத்து நான்கு கிலோ இருந்தார். இரண்டு கற்களோடு பதினெட்டுப் படி ஏறி, மேலே போய் உட்கார்ந்து, பேச்சு வருவதற்குக் கால் மணி நேரம் ஆன ஒரு நாளுக்கு மறுநாள் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தார். நடை ஓட்டமானது. இரண்டு ஆண்டில் உடம்பு ஐம்பத்தெட்டு நானூறுக்கு வந்து நின்றது. பிறகு அது நகரவில்லை. விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் ஏரியைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றத்தூர் வரை. முருகன் மலை அடிவாரத்தில் ஒரு டீ, திரும்ப ஓட்டம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டங்களை மட்டும் பத்தொன்பது முறை முடித்திருந்தார். எதிலும் முதலாவதாக வந்ததில்லை. எதையும் பாதியில் விட்டதுமில்லை.

அவருடைய மனைவி ஜஹீரா இதில் எதையும் பார்த்ததில்லை. அவர் போவதைப் பார்த்திருக்கிறாள், வருவதைப் பார்த்திருக்கிறாள். நடுவில் நடப்பது அவளுக்கு ஈர பனியன்களாக மட்டுமே தெரியும். அவற்றை ஊறவைப்பவள் அவள். பட்டறையில் போன் எடுப்பதும், எந்த மெஷின் யாருடையது என்று அட்டை எழுதிக் கட்டுவதும் அவள்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்க முயன்று தோற்றுக்கொண்டிருப்பவளும் அவள்தான்.

போன செப்டம்பரில் ஒரு காலை மீன்காரர் துலுக்காணம் கூப்பிட்டார். கோவளத்துக்காரர். விடியும்போது கரையில் மீன் எடுத்து, எட்டு மணிக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கடை விரித்துவிடுவார். அன்று ஜஹீராவும் மீன் வாங்க மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போயிருந்தாள்.

"ஏறு பாய். மிஷினு ஒரு தினுசா கீது."

ஜலால் செருப்பைக் கழற்றி ஏறினார். எண்கள் ஆடி அடங்கின. 56.200.

இறங்கினார். மேடையின் நான்கு கால்களையும் தொட்டுப் பார்த்தார். மூலையிலிருந்த ரசமட்டத்தில் குமிழ் நடுவில்தான் நின்றது. மறுபடி ஏறினார். 56.200.

"ரெண்டு கிலோவுக்கு மேல கம்மியா காட்டுது துலுக்காணம்."

"அய்யய்யோ! அப்ப இத்தினி நாளா ஊருக்கே சும்மா மீனு குட்த்துகினு கீறனா? அதான் எல்லாரும் என் கடைக்கே வந்துகினு கீறாங்க. நான் என் மூஞ்சிக்கோசரம்னு நெனச்சுகினு இருந்தேன்!"

மேடை பட்டறைக்கு வந்தது. ஜலால் மூன்று கற்களையும் அதன்மேல் அடுக்கினார். 60.000. ஒரு கிராம் கூட ஆடவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கண்ணாடி முன்னால் போய் நின்றிருப்பார்கள். ஜலால் கற்களைச் சந்தேகப்பட்டார். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொன்றையும் துடைத்தார். பிடியின் அடியில், எழுத்தின் பள்ளத்தில், அழுக்கு எங்கே அடைந்திருக்கிறது என்று விரலால் தேடினார். மறுபடி அடுக்கினார். அதே அறுபது. மறுநாள் மூன்றையும் மொபெட்டில் கட்டி, முத்திரை ஆய்வாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், இவை கனத்துவிட்டன, சோதித்துத் தாருங்கள் என்றார். ஆய்வாளருக்கு அவரை இருபது வருடமாகத் தெரியும். சோதித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் தட்டினாராம்.

"பாய், கல்லு எங்கயாவது சதை போடுமா? உங்க கல்லு சரி. நீங்க போய் உங்க உடம்புக்கு முத்திரை வாங்குங்க."

திரும்பி வந்த ஜலால் கற்களை இறக்கி வைத்தார். பிறகு ஜஹீராவிடம், ஏப்ரல் மாதத்திலிருந்து தான் ஏறி நின்று பார்த்து அங்கேயே திருத்திய மேடைகள் எவை என்று கேட்டார். இரண்டு. பெருங்களத்தூர் அரிசிக்கடை ஒன்று, இரும்புலியூர் பழைய பேப்பர் கடை ஒன்று. அன்றைக்கே கற்களை ஏற்றிக்கொண்டு இரண்டு கடைக்கும் போனார். மேடைகளைப் பழைய நிலைக்குத் திருப்பினார். இரண்டு கடைக்காரர்களிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "மெஷின் சரியாதான் இருந்தது, நான்தான் தப்பா இருந்தேன்." அவர் திருத்தியதில் மேடை அதிகமாகக் காட்டி, அரிசிக்கடையில் வாங்கிப்போனவர்களுக்கு மூட்டைக்கு ஒரு கிலோ குறைந்திருக்கும். யார் யாரென்று தெரியாத அந்த மனிதர்களை நினைத்து அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

"அதுவேறயா? இன்னும் கால் கிலோ போகட்டும்," என்றாள் ஜஹீரா.

அவள் கோபத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. ஏப்ரலில் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது அவருடைய வெள்ளி மோதிரம் கழன்று தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. தேடி எடுத்துவந்து, "மோதிரம் தேஞ்சிருச்சு போல" என்று அவளிடம் நீட்டினார். அவளும் எதுவும் சொல்லாமல் அதன் உட்புறம் நூல் சுற்றிக் கொடுத்தாள். ஜூலையில் இன்னும் நாலு சுற்று. வெள்ளி அப்படித் தேயாது என்று அவளுக்குத் தெரியும். ஓடுகிறவர் இளைக்கத்தானே செய்வார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்த நூல் இப்போது அவளைக் குத்தியது.

"மோதிரம் தேஞ்சுது. மெஷின் இழுத்துச்சு. கல்லு பெருத்துச்சு. ஒலகத்துல எல்லாம் மாறும், நீங்க மட்டும் மாறமாட்டீங்க இல்ல?"

மறுநாள் சேலையூரில் டாக்டர் ஜெரூஷாவிடம் போனார்கள். விளையாட்டு வீரர்களைப் பார்க்கிற, முப்பத்தைந்து வயதுப் பெண். ஜலாலுக்குச் சர்க்கரை இல்லை. தைராய்டு இல்லை. மார்க்கெட்டில் அதற்குள் ஏழு பேர் "இன்னா பாய், சுகரா?" என்று கேட்டு, மூன்று பேர் பாகற்காய் கொடுத்திருந்தார்கள்.

ஜெரூஷா அவரைக் கைப்பிடியில்லாத ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னாள். பதினாறு விநாடி ஆனது. மூன்றாவது முறை எழும்போது அவர் உடம்பு முன்னால் சாய்ந்ததை ஜஹீரா பார்த்தாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிறவர், நாற்காலியிலிருந்து எழத் திணறினார்.

"நீங்க ட்ரை பண்றீங்களாம்மா?"

விளையாட்டுக்குத்தான் ஜஹீரா உட்கார்ந்தாள். எவ்வளவு எடை என்று உயிரே போனாலும் யாரிடமும் சொல்லாத உடம்பு அவளுடையது. ஓடியது கிடையாது. தரையில் உட்கார்ந்து அட்டை கட்டி, எழுந்து போன் எடுத்து, மறுபடி உட்கார்ந்தே பழகியவள். பன்னிரண்டு விநாடியில் முடித்தாள்.

ஜலால் அவளை ஏதோ புதிய மாடல் இயந்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சார், உங்க ஹார்ட்டுக்கு நாப்பது வயசு," என்றாள் ஜெரூஷா. "தொடைக்கு எம்பது. ஓட்டம் ஹார்ட்டப் பாத்துக்குச்சு. சதையப் பாத்துக்க ஆள் இல்ல. நீங்க சாப்பிடுற சாப்பாட்டுல உடம்பு தன் சதையையே எடுத்துச் செலவு பண்ணுது. அறுபது வயசுக்கு மேல எடை குறையறத சாதனைன்னு நெனைக்காதீங்க. ஒருநாள் விழுவீங்க. எலும்பு உடையும். அதோட ஓட்டம் மட்டும் இல்ல, நடையும் போயிரும்."

"ஜனவரியில கோவளம் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கேன்."

"அதுக்கு முன்னாடி அம்பத்தேழு காட்டுங்க. இந்த நாற்காலியில பன்னெண்டு விநாடி காட்டுங்க. அம்பத்தஞ்சுக்குக் கீழ போனா ஜனவரி மட்டும் இல்ல, மொத்தமா நிறுத்தணும்."

வெளியே வந்தபோது தனக்கு நிம்மதி வரும் என்று ஜஹீரா எதிர்பார்த்தாள். முப்பது வருடமாக அவள் சொன்னதைத்தானே ஒரு டாக்டரும் சொல்லியிருக்கிறாள். ஆனால் வந்தது பயம். ஒருமுறை சிக்குன்குனியா வந்து மூன்று மாதம் அவர் ஓடாமல் இருந்தார். வீட்டில் மின்சாரம் பிடுங்கிய மெஷின்போல உட்கார்ந்திருந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார், வைத்ததைச் சாப்பிட்டார், அவ்வளவுதான். அந்த மனிதரோடு மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டியிருக்குமோ என்று மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தபடி நினைத்தாள். அவர் ஓட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அதுவே முதல் தடவை.

மறுநாள் முதல் பட்டறைக் கற்களுக்குப் புதிய வேலை வந்தது. ஜலால் இருபது கிலோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தார். ஜஹீரா போனைக் காதில் வைத்தபடியே எண்ணினாள். "ஆமா, ஆறு, நாளைக்கு ரெடியாயிரும், ஏழு, இல்ல இல்ல உங்ககிட்ட சொல்லல, எட்டு." கல்லைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு பதினெட்டுப் படியும் இறங்கி ஏறினார். ஓட்டம் வாரத்துக்கு மூன்று நாளானது. மற்ற நாட்களில் விடிந்ததும் ஏரிப்பக்கம் பார்த்தபடி வாசலில் நிற்பார்.

சாப்பாடு இன்னும் கடினம். வயிறு லேசாக இருப்பதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. அது கர்வம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. காலையில் இரண்டு முட்டை, பதினொரு மணிக்குச் சுண்டல், மதியம் மீன், வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கால் பாயா. துலுக்காணம் இதைத் தன் சொந்த விவகாரமாக எடுத்துக்கொண்டார். அவருடைய மேடையைக் குற்றம் சொன்ன உடம்பல்லவா.

"இந்தா பாய், நெத்திலி. முள்ளோட துன்னு. சதை வெச்சுதா இல்லியா? இன்னா பேஜாரா கீது, ஒரு கெண்ட மீனு கூட உன்னவிட சுருக்கா வளருது!"

வெள்ளிக்கிழமை தோறும் ஜலால் பட்டறை மேடையில் ஏறினார். முதலில் கற்களை வைத்து மேடையைச் சரிபார்ப்பார். பிறகு கற்களை இறக்கிவிட்டுத் தான் ஏறுவார். அதில் ஒரு வித்தியாசம் இருப்பதை ஜஹீரா மெல்லத்தான் உணர்ந்தாள். இத்தனை காலமும் அவர் மேடையில் ஏறியது மேடையை நிறுக்க. ஆடவேண்டியது மேடைதான், அவர் அசையாதவர். இப்போது அவர் எண்களைப் பார்க்கும்போது கன்னத்தில் ஒரு நரம்பு துடித்தது.

56.400. 56.300. 56.900. நவம்பர் மழையில் எட்டு நாள் காய்ச்சல். அடுத்த வெள்ளிக்கிழமை 55.300.

ஜலால் இறங்கவேயில்லை. எண் மாறுமோ என்று நின்றுகொண்டேயிருந்தார். முந்நூறு கிராம் என்பது ஒன்றரை டம்ளர் தண்ணீர். அந்த அளவு மட்டுமே அவருடைய காலை நேரங்களுக்கும் டாக்டர் சொன்ன ஐம்பத்தைந்துக்கும் நடுவில் மிச்சம் இருந்தது.

"எறங்குங்க. பாயா ஆறுது," என்றாள் ஜஹீரா.

அவர் அதன்பின் செய்ததைத்தான் அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள். புலம்பவில்லை. ஓட்டத்தைக் கூட்டவில்லை. காய்ச்சல் தெளிந்த உடம்போடு பத்துக் கிலோ கல்லில் ஆரம்பித்தார், மறுபடி முதலிலிருந்து. பசிக்காதபோதும் சாப்பிட்டார். பழுதான மெஷினைக் கழற்றி ஒவ்வொரு திருகாகத் துடைத்துப் பூட்டுவாரே, அதே முகத்தோடு. முப்பது வருடப் பழக்கத்தை அறுபத்தேழாவது வயதில் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றைப் பூட்டுவது சின்ன வேலையில்லை. எத்தனையோ இளையவர்கள் டாக்டரை மாற்றியிருப்பார்கள்.

டிசம்பர் கடைசியில் ஒருநாள், மோதிரம் இறுக்குகிறது என்றார். ஜஹீரா ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நூலைப் பிரித்தாள், முதலில் ஜூலையில் சுற்றியதை மட்டும். ஜனவரி முதல் வாரம் ஜெரூஷாவின் மேடை 57.100 காட்டியது. நாற்காலியில் பதினொரு விநாடி. ஓடலாம் என்றாள் ஜெரூஷா. நூறு கிராமில் பிழைத்தீர்கள் என்று சிரித்தாள்.

ஓட்டத்தன்று ஜஹீரா முதல்முறையாக முடிவுக்கோட்டில் போய் நின்றாள். கோவளம் துலுக்காணத்தின் ஊர். அன்று அவர் கடை போடவில்லை, அவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் "எங்க பாய் வர்றாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இளைஞர்கள் வந்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு, செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, சிலர் அழுதுகொண்டு. வெயில் ஏறியது. ஒன்பதரை. பத்து.

பிறகு தூரத்தில் சாலை வளைகிற இடத்தில் ஒரு சின்ன உருவம். அது அவர்தான் என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. அவர் ஓடி அவள் பார்த்ததே இல்லையே. பாதம் தரையை விட்டு அதிகம் எழவில்லை. தோள் ஆடவில்லை. அவரைச் சுற்றி வந்தவர்களெல்லாம் எதையோ எதிர்த்து ஓடுகிறவர்கள்போல இருந்தார்கள், அவர் எதையும் எதிர்க்கவில்லை. மேடையில் எண்கள் ஆடி, ஆடி, அடங்கி நிற்கும் கணத்தில் அவர் முகத்தில் வருகிற அமைதி ஒன்று உண்டு. பட்டறையில் ஆயிரம் தடவை அவள் பார்த்தது. அந்த முகத்தோடு ஓடிவந்தார். அவள் ஊறவைத்த பனியன்களுக்குள் இத்தனை வருடம் இதுவா இருந்தது? ஜஹீரா எழுந்து நின்றாள். கைதட்டத் தோன்றவில்லை. தொழுகை வரிசையில் நிற்பதுபோலக் கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

ஐந்து மணி இருபத்திரண்டு நிமிடம். இருபதாவது ஓட்டம்.

கோட்டுக்கு அப்பால் ஒரு கூடாரத்தில், ஓடி முடித்தவர்களை நிறுத்தி எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்பிலிருந்து தண்ணீர் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள. வினிதா என்று மார்பில் பெயர் எழுதிய பெண் கூப்பிட்டாள். "அங்கிள், இதுல ஒரு நிமிஷம் ஏறுங்க."

"ஏறு பாய் ஏறு!" துலுக்காணம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அம்பத்தெட்டு நானூறு வந்துச்சா இல்லியா? மார்க்கெட்டே கேட்டுகினு கீது. நான் இன்னா பதில் சொல்றது?"

ஜலால் மேடை அருகே போனார். ஷூவைக் கழற்றிவிட்ட, கொப்புளம் கண்ட கால்கள். குனிந்து மேடையைப் பார்த்தார். பிறகு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி வந்த அந்தக் கால்களை மடக்கி, முழுதாகக் குந்தி உட்கார்ந்தார். மணலில் வைத்திருந்ததால் மேடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ரசமட்டக் குமிழ் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடையின் ஒரு காலின் அடியில், அங்கே கிடந்த அட்டையொன்றை மடித்துவைத்தார். இன்னொரு காலின் திருகை விரலால் திருப்பினார். குமிழ் நகர்ந்து, தயங்கி, நடுவட்டத்துக்குள் வந்து நின்றது.

கையை எதிலும் ஊன்றாமல், முழங்காலில்கூட வைக்காமல், எழுந்தார்.

"இப்ப சரியா காட்டும்மா," என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, மேடையைத் தாண்டி டீக்கடைப் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. ஓட்டம் நிற்கவில்லை. கல் தூக்குவதும் பாயாவும் நிற்கவில்லை. ஜெரூஷாவிடம் போனால் நாற்காலியில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுந்து உட்காருவார், மேடைப் பக்கம் போகமாட்டார். கடைகளுக்குக் கூப்பிட்டால் மூன்று கற்களையும் ஒவ்வொன்றாகப் படி இறக்கி மொபெட்டில் கட்டிக்கொண்டு போகிறார். அந்த எண் திரும்ப வந்ததா என்று மார்க்கெட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஏன் என்று ஜஹீரா ஒரேயொரு முறை கேட்டாள். அவர் விரலில் மோதிரத்தைத் திருகப் பார்த்தார். உள்ளே நூல் எதுவும் இல்லாத மோதிரம், எளிதில் திரும்பவில்லை.

"பெருங்களத்தூர் அரிசிக்கடைக்காரர் போன் பண்ணாரா?" என்று கேட்டுவிட்டு, முதல் கல்லைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.